கோயிலுக்கு இடப்பக்கம்

இந்திரகுமார் செய்தி அறைக்குள் நுழைந்தபோது அவன் கணுக்காலில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. பார்த்தவர்கள் சொல்லவில்லை. இன்று மாலையோடு வேலை போகப்போகிறவனிடம் அட்டையைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

"மேடம், சனத்த மறுபடி லயத்துக்கே அனுப்பப் போறாங்க," என்றான். "ஸ்கூல்ல தங்கியிருக்கிற எல்லாரையும். இருட்டுறதுக்குள்ள லொறி வருதாம். நீங்கதான் ஏதாவது செய்யணும்."

செய்தி ஆசிரியர் றஹீமா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மொதல்ல இருங்க. காலப் பாருங்க. சுமித்ரா, மாங்காய்க்கு வெச்ச உப்பு ஈக்கிதானே, கொண்டு வாங்க."

சுமித்ரா உப்பைக் கொண்டுவந்து அவளே தூவினாள். அட்டை சுருண்டு விழுந்தது.

குன்றொளி தொலைக்காட்சி மாவனல்லை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கட்டில் மேசை விற்கும் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் இயங்கியது. மூன்றே அறைகள். மரண அறிவித்தலும் கடைத் திறப்புவிழாவும் போக மிச்ச நேரத்தில்தான் செய்தி. ஆறு மணிச் செய்தியை வாசிப்பவள் சுமித்ரா. கமரா இடுப்புக்குக் கீழே இறங்காது என்பதால் மேலே பட்டுச்சேலையும் காலில் பாத்ரூம் செருப்புமாக உட்கார்ந்திருப்பாள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இழுக்கும்வரை சிரித்தபடியே அசையாமல் இருக்கவேண்டும். இதற்குச் சம்பளம் பெரிதாக இல்லை. எஹலியகொடையில் அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்துப் பார்ப்பாள், அதுதான் வருமானம். போன வாரம்கூட அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அங்க சேந்ததும் மூக்குத்திய மாத்திக் குத்திக்கிட்டியா? ஒங்க டிவில ஒன்னக் காட்டுற விளம்பரத்துல இடது பக்கம் மின்னுதே! நம்ம வழக்கமா அது?"

சுமித்ரா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம்தான் இருந்தது. அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் கையில் வேறு பிரச்சினை இருந்தது. இன்று ஆறு மணிக்கு வாசிக்கவேண்டிய மன்னிப்பு. செய்தி தவறு, அனுப்பிய செய்தியாளரை நிறுத்திவிட்டோம் என்று முதலாளி அப்துல் ரஸாக் ஹாஜியார் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்.

நேற்றைய செய்தியால் வந்த வினை அது. அரநாயக்கப் பக்கம் நாவக்கந்தை தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லய வீடுகளுக்கு மேலே மலையில் நிலம் வெடித்திருப்பதாக இந்திரகுமார் படம் அனுப்பினான். முன்பு மலை சரிந்து ஊரை மூடிய அந்தப் பக்கத்தில் மண் வெடித்திருக்கிறது என்று சொன்னால் யாரும் இரண்டாவது முறை கேட்கமாட்டார்கள். செய்தி முடிவதற்குள் லயத்துச் சனம் பிள்ளைகுட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. இன்று காலை தோட்ட நிர்வாகத்துக்காரர்களும் அதிகாரிகளும் டிவிப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு மலை ஏறினார்கள். படத்தில் மாரியம்மன் கோயிலுக்கு இடப்பக்கம் வெடிப்பு. அவர்கள் இடப்பக்கம் போனார்கள். அங்கே தேயிலைதான் இருந்தது, கீறல்கூட இல்லை.

"நா அவங்களோட போயிருக்கணும்," என்றான் இந்திரகுமார். "என்னக் கூப்பிடவே இல்ல. என் போனும் மழையில செத்துப்போச்சு. வெடிப்பு இடப்பக்கம் இல்ல மேடம். கோயிலப் பாத்து நின்னா வலப்பக்கம். கைவிட்ட பழைய இறப்பர் மலை. ஒரே காடு. விறகுக்குப் போன இருளப்பண்ணன்தான் கண்டுபிடிச்சு என்னக் கூட்டிப்போனாரு."

"அத அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ஒங்க டிவியே இடப்பக்கம்னு காட்டுது, இப்ப வலப்பக்கம்னு சொல்றியா, நாளைக்கு எந்தப் பக்கம்?'னு கேக்குறாங்க. இருளப்பண்ணன் சொன்னா, காலையிலயே ஊத்திட்டாருங்கிறாங்க. அந்த மனுசன் வெத்தலகூடப் போடமாட்டாரு."

வாசலில் ஹாஜியார் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தளபாடக் கடையும் அவருடையதுதான், வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தோட்டத்து உத்தியோகத்தர்கள்.

"இந்திரகுமார், எனக்கு ஒங்கட மேல கோவமில்ல," என்றார். "எங்கயோ எடுத்த பழைய படத்த அனுப்பிட்டீங்க. இளந்தாரி, அவசரம். ஆனா சேனல்ட பேரு போச்சே."

"பழைய படம் இல்ல ஹாஜியார்."

"அப்ப படம் பொய் சொல்லுதா?"

றஹீமா எழுந்தார். "படத்தப் பாப்போம்," என்றார்.

எடிட்டிங் அறையில் ஆதிப் தனியாக இருந்தான். குன்றொளியின் படம் முழுவதும் அவன் விரல் வழியாகத்தான் வெளியே போகும். றஹீமாவை அவன் தாத்தா என்பான். மாவனல்லையில் அது அக்காவைக் கூப்பிடும் சொல்.

"ஆதிப், நேத்து வந்த படத்துல ஏதும் மாத்தினீங்களா?"

"இல்ல தாத்தா. வேற படம் சேக்கல்ல, வெட்டல்ல. வந்ததுதான் போச்சி."

அவன் முகத்தில் ஒளிவு இல்லை. ஒளிபரப்பான படத்தைத் திரையில் போட்டான்.

சாம்பல் வெளிச்சம், மழைத் தூறல். வலப்பக்கம் சிறிய கோயில், அதன் கொடி சேனல் லோகோவுக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. இடப்பக்கம் சரிவில் நீளமான வெடிப்பு, ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவு. பக்கத்தில் ஓர் இறப்பர் மரம். பட்டையில் பால் எடுக்க வெட்டிய பழைய வெட்டு வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து வந்தது. அதன் முனையில் பால் பிடிக்கும் ஓட்டைச் சிரட்டை ஒன்று கம்பியில் தொங்கியது. இருளப்பன் கத்தியை இடது கையில் பிடித்தபடி வெடிப்புக்குள் கம்பு விட்டுக் காட்டினார்.

இந்திரகுமார் தன் படத்தை டிவியில் வந்தபடி இப்போதுதான் பார்க்கிறான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"எடப்பக்கம்தான் இருக்கு," என்றான் மெல்ல. "மேடம், ரெண்டு நாளா தூக்கம் இல்ல. எனக்குத்தான் பொறண்டு போச்சா?"

சுமித்ரா திரைக்குக் கிட்டப் போனாள். அவளுக்கும் ஓர் உறுத்தல் இருந்தது. நேற்று வாசிக்கும்போதே இருந்தது.

"மேடம்," என்றாள், "இந்தப் படத்த எப்பப் பாத்தாலும் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. செருப்பக் கால் மாத்திப் போட்ட மாதிரி. என்னன்னு சொல்லத் தெரியல."

"எந்த எடத்துல?"

"மரத்துக்கிட்ட."

றஹீமா மரத்தையும் இருளப்பனின் கையையும் உற்றுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, பள்ளிக்கூடத்தில் இருந்த இருளப்பனின் எண்ணைக் கேட்டுக் கூப்பிட்டார்.

"இருளப்பன் அண்ணன், ஒரே ஒரு கேள்வி. கத்திய எந்தக் கையில பிடிப்பீங்க?"

"சோத்துக் கையிலதாம்மா," என்றது போனுக்குள்ளிருந்து கரகரத்த குரல். "நொட்டாங் கையில பிடிச்சா பட்டைய வெட்டாம வெரலயில்ல வெட்டிப்புடுவேன்? ஏம்மா, லொறி வரப்போகுதுங்கிறாங்க, நாங்க ஏறவா வேணாமா?"

"ஆறு மணிச் செய்தி வரைக்கும் ஏறாதீங்க," என்றார் றஹீமா. போனை வைத்துவிட்டு ஹாஜியாரையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நால்வர் நிற்கவே இடம் போதாத அறை. ஹாஜியார் ஒரு பழைய மொனிட்டர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"சுமித்ரா, ஒங்கட அப்பா இறப்பர்ப் பால் வெட்டினவர்தானே?"

"அப்பாவும் அம்மாவும். நானும் லீவுல வெட்டியிருக்கேன்."

"இந்தத் தூண்தான் மரம். இந்தப் பேனாதான் கத்தி. வெட்டிக் காட்டுங்க. யோசிக்க வேணாம்."

சுமித்ரா தூணுக்கு முன்னால் நின்றாள். பட்டுச்சேலையோடு இது என்ன கோலம் என்று தோன்றியது. ஆனால் கை அதையெல்லாம் பார்க்கவில்லை. இடது மேலே தொட்டது, வலது கீழாக ஒரே சரிவாக இறங்கிவந்தது, சிரட்டை இருக்கவேண்டிய இடத்தில் நின்றது. எத்தனை விடியற்காலைகள், எத்தனை மரங்கள். எல்லா மரத்திலும் இதே சரிவுதான்.

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாறியிருக்கு," என்றாள். "மேடம், வெட்டு மாறியிருக்கு! இப்படி யாருமே வெட்டமாட்டாங்க. கங்காணி தோல உரிச்சிருவாரு."

"அப்ப எந்தத் தோட்டத்திலயும் இல்லாத மரம்," என்றார் றஹீமா. "கத்தி நொட்டாங் கைக்குப் போயிட்டுது. வெடிப்பு எடப்பக்கம் போயிட்டுது. மூணும் ஒண்ணா மாறுறது ஒரே எடத்துலதான். கண்ணாடியில."

ஹாஜியார் ஆதிப்பின் பக்கம் திரும்பினார். "படத்த யாரும் மாத்தல்லண்டு ஆதிப் சொன்னானே?"

"அவர் பொய் சொல்லல்ல. சுமித்ராட மூக்குத்தி எந்தப் பக்கம்?"

எல்லோரும் அவள் மூக்கைப் பார்த்தார்கள். வலது.

"எங்கட விளம்பரத்துல?"

சுமித்ராவுக்கு முகம் சூடேறியது. கண் டாக்டரிடம் போகவேண்டியது அம்மா இல்லை. "இடது," என்றாள். "அம்மா ஏசினாங்க."

"ஏன் ஆதிப்?"

ஆதிப்பின் கை மவுசிலிருந்து தானாக விலகியது. "விளம்பரத்துல சுமித்ராட மொகம் லோகோப் பக்கம் வந்திச்சி. அதனால அங்கால திருப்பிப் போட்டன். எப்பவும் செய்றதுதான் தாத்தா. எது லோகோவுக்கு அடியில மறைஞ்சாலும் திருப்பித்தான் போடுவன். எழுத்து கிழுத்து இருந்தா மட்டும் திருப்ப மாட்டன். நேத்துப் படத்துல எழுத்து இல்ல. வெடிப்புத்தான் லோகோவுக்கு அடியில..." அவன் நிறுத்தினான்.

"மாத்தினீங்களாண்டு கேட்டன், இல்லண்டீங்க. திருப்புறது ஒங்களுக்கு மாத்துறதே இல்ல. ஒவ்வொரு நாளும் செய்யிற ஒண்ணு கண்ணுக்குத் தெரியாது," என்றார் றஹீமா. "வந்த படத்த அப்படியே போடுங்க."

அலுவலகப் போனில் நேற்று வந்த படம் அழியாமல் இருந்தது. திரையில் விரிந்தது. இடப்பக்கம் கோயில், கொடி முழுதாக. இருளப்பன் வலது கையில் கத்தி. மரத்தின் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக. வலப்பக்கம் மேலே, லோகோ உட்காரும் மூலையில், வெடிப்பு.

இந்திரகுமார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். சுமித்ராவுக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"நாந்தான்," என்றான் ஆதிப். "அந்தச் சனம் இண்டைக்குத் திரும்பிப் போயிருந்தா..."

"போகலயே மச்சான்," என்றான் இந்திரகுமார். "நீ திருப்பலன்னா வெடிப்பே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. லோகோ நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

ஹாஜியார் எழுந்தார். "றஹீமா, இத வெளியில சொன்னா தோட்டத்துக்காரன் சிரிப்பான். சேனலுக்குப் படம் பாக்கத் தெரியாதுண்டு ஊரே பேசும்."

"மன்னிப்புக் கேக்கத்தானே எழுதி வெச்சீங்க ஹாஜியார்? கேப்போம். யார்கிட்டண்டதத்தான் மாத்தணும்."

ஹாஜியார் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். அரநாயக்கப் பக்கம் மலைகள் தெரியவில்லை, மேகம் அவ்வளவு தாழ்ந்திருந்தது. றஹீமா மூன்று முறை கூப்பிட்டும் அதிகாரிகள் போனை எடுக்கவில்லை. கடைசியில் தான் எழுதிய தாளைச் சுமித்ராவிடமிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஹரி," என்று சிங்களத்தில் சம்மதித்தார். "வாசிங்க."

ஆறு மணிக்கு சுமித்ரா தாள் இல்லாமல் பேசினாள். நேற்று இந்தத் தொலைக்காட்சி படத்தைத் திருப்பிப் போட்டது, தவறு எங்களுடையது, எங்கள் செய்தியாளருடையது அல்ல என்றாள். "வெடிப்பு கோயிலுக்கு..." என்று சொல்லும்போது வலது கை தானாக எழுந்தது. பார்க்கிறவர்களுக்கு அது இடப்பக்கமாகத் தெரியும் என்பது நல்லவேளை அப்போதே உறைத்தது. கையை இறக்கினாள். "கோயில் வாசலைப் பார்த்து நிற்பவரின் சோற்றுக்கைப் பக்கம். பழைய இறப்பர் மலையில். அதிகாரிகள் அங்கே போய்ப் பார்க்கும்வரை தயவுசெய்து யாரும் லயத்துக்குத் திரும்பவேண்டாம்."

மொனிட்டரில் படம் ஓடியது. மேல் மூலை காலியாக இருந்தது. குன்றொளி தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக ஆதிப் லோகோவை எடுத்திருந்தான். ஹாஜியார் பார்த்துக்கொண்டு நின்றார்.

செய்தி முடிந்து அவள் செருப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அலுவலகப் போன் அடித்தது. இந்திரகுமார் எடுத்தான், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"தம்பி, லொறி வந்திருச்சு," என்றது இருளப்பனின் குரல். பின்னால் மழையும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

இந்திரகுமார் போன்மேல் குனிந்தான். "ஏறிட்டீங்களா அண்ணே?"

"யாரு ஏறுறது? டிரைவர் மாத்தயா நம்மளோட நின்னு செய்தி பாத்தாரு. பாத்துட்டு சாவியப் பைக்குள்ள போட்டுட்டாரு. இந்தா, பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு. காலையில அதிகாரிங்கள அவரே ஏத்திக்கிட்டு வர்றாராம். நீயும் வந்திரு தம்பி. வரும்போது உப்புக் கொண்டா. இங்க அட்ட ஜாஸ்தி."