மூடியில் ஒரு துளை

பெட்ரோல் டேங்கின் மூடியைத் திருகித் திறந்தபோது அது மூச்சை உள்ளே இழுத்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் இழுப்பதுபோல, ஹ்ஹ் என்று ஒரே ஒரு இழுப்பு.

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. இப்போதுதான் ஓடி வந்த வண்டி என்றால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மூடியில் இருக்கிற சின்னத் துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று இல்லாமல் போகும், திறந்ததும் இழுக்கும்; முப்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். ஆனால் இந்த வண்டி எட்டு மாதமாக ஓடவே இல்லை. தங்கை வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில், சாக்கு போர்த்தி, வைத்த இடத்திலேயே நின்றது. மழைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். அவர் எடுக்க வந்தது அங்கேயே இருந்தது. பழைய டியூபில் வட்டமாக வெட்டிய ரப்பர். அவரே வெட்டியது.

வண்டிக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த வாரம், தங்கையின் வீட்டுக்காரர் வந்து, மேடு பள்ளத்தில் மூடி வழியாகப் பெட்ரோல் சிந்திப் பெயின்ட் போகிறது என்று குறைப்பட்டார். "உங்க தங்கச்சியக்கூட நான் இவ்வளவு பத்திரமாப் பாத்துக்கல மச்சான்" என்று கிராம்பை மென்றுகொண்டே சிரித்தார். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவர் வாயில் கிராம்புதான். இவர் ஒரு ரப்பரை வெட்டி மூடிக்குள் வைத்து அழுத்தினார். துளையும் சேர்ந்து அடைபடும் என்று தெரியும். ரெண்டு நாளைக்குத்தானே, புது மூடி வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தார். மறந்துபோனார்.

மூன்றாம் நாள் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோனது. டேங்குக்கு முத்தம் கொடுப்பதுபோல ஆள் குனிந்திருந்தான், கடைசி நொடியில்தான் பார்த்தேன் என்று லாரிக்காரன் சொன்னான். தூக்கி எறியப்பட்டவர் அங்கேயே போய்விட்டார்; வண்டி சின்னக் கீறல்களோடு தப்பியது. பெட்ரோல் இருந்ததா என்று எல்லாரும் மெக்கானிக்கைத்தான் கேட்டார்கள். காலி என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவசரத்துக்கு மூடித் துளையில் வாய் வைத்து ஊதினால் பெட்ரோல் இறங்கும். சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். அந்த மூச்சு ரப்பரில் முட்டித் திரும்பியிருக்கும்.

ரப்பரைப் பிய்த்துக் கைக்குள் மடக்கிய நேரம், தங்கை டீயோடு வந்தாள். நாளையிலிருந்து இதில்தான் வேலைக்குப் போகப் போவதாகவும், அதே பாலம்தான், வேறு வழி சுற்று என்றும், வழியில் நிற்காதபடி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"ஒண்ணு கேக்கவா அண்ணா? அன்னிக்கு டேங்க் நெஜமாவே காலியாத்தான் இருந்துச்சா?"

ரப்பர் உள்ளங்கையில் ஒட்டியது.

"சொட்டு இல்லம்மா."

"எட்டு மாசமா அவரத் திட்டிக்கிட்டே இருக்கேன். திட்டினாத்தான் தூக்கமே வருது."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தகரத்தின்மேல் மழை வலுத்தது. கெட்டுப்போன பெட்ரோலின் புளித்த நெடிக்கு நடுவே, மெல்ல, கிராம்பு வாசனை வந்தது.

டீயில் போட்டிருப்பாள். குடித்துப் பார்த்தார். இல்லை.

வேலையில் இறங்கினார். பழைய பெட்ரோல் முழுவதையும், முக்கால் டேங்குக்கு மேல் இருந்ததை, கேனில் இறக்கினார். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டைக் கழுவி ஊதி, புதுப் பெட்ரோல் ஊற்றினார். மூடித் துளையில் ஊசி விட்டுக் குத்தி, விளக்குக்கு நேரே பிடித்து, மறுபக்கத்து வெளிச்சம் கண்ணில் குத்துகிறவரை பார்த்தார். இரண்டாம் உதைக்கே எஞ்சின் பிடித்தது. நாலு நிமிஷம் ஓடியது. இருமியது. நின்றது.

மூடியைத் திறந்தார். ஹ்ஹ்.

துளையில் வெளிச்சம் தெரிந்தது. அடைப்பே இல்லை.

மறுபடி மூடினார். உதைத்தார். நாலு நிமிஷம். இருமல். திறந்தார். இந்த முறை இழுப்பு நீளமாக இருந்தது.

மூன்றாவது தடவை அவர் மூடியைத் தொடவே இல்லை. கை போவதற்கு முன்பே கேட்டது.

வண்டியை இப்படியே கொடுத்தால் நாலாவது நிமிஷம் அவள் எங்கே இருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பாலத்தின் நடுவில்.

உதைத்தார். எஞ்சின் ஓடியது. இரும ஆரம்பித்ததும் குனிந்தார். மூடித் துளையில் வாயை வைத்தார். ஊதினார்.

எஞ்சின் எழுந்தது. வெண்ணெய்போல ஓடியது.

மூச்சு தீர்ந்தது. தலையைத் தூக்கப் பார்த்தார்.

உதடு வரவில்லை.

உள்ளிருந்து இழுத்தது. அவசரமில்லாமல். நாக்கில் கிராம்புக் காரம். இரண்டு கையாலும் டேங்கைத் தள்ளினார். வழுக்கியது. விரல்கள் தடவித் தடவிச் சாவியைப் பிடித்தன. அணைத்தார். சாவி கையோடு வந்தது.

எஞ்சின் நிற்கவில்லை.

மழை விட்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.

"சரியாயிடுச்சா அண்ணா? அவர் ஓட்டுற சத்தம் மாதிரியே இருக்கே."

கறுப்புப் பெயின்டில் அவர் முகம் தெரிந்தது. கண் பிதுங்கிய முகம். அதற்கு அடியில், பெயின்டுக்கு உள்பக்கம், இன்னொரு முகம். வாயோடு வாய் பொருத்தி. எஞ்சின் சத்தத்தோடு ஒரே சீராக, எட்டு மாதப் பாக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.