அகலக் காட்சிகள் மட்டும் காணவில்லை

"இன்னிக்குக் காலையிலயும் கோப்பைக் காணோம்னு அதே சிவப்புத் திரைதான்." மாரென் மடிக்கணினியை அஸ்கரின் மேசைமேல் கிட்டத்தட்ட எறிந்தாள். "நாளைக்கு சாயங்காலம் நகராட்சிக்காரங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டணும். உங்க கட்டற்ற மென்பொருள் என் உயிரை வாங்குது."

அஸ்கர் கோபப்படவில்லை. அந்த வீடியோ தொகுப்பு மென்பொருளைச் சம்பளமின்றிப் பராமரிப்பவர்களில் அவரும் ஒருவர். டென்மார்க்கின் துறைமுக நகரான எஸ்பியரில் யாருக்கு அது மக்கர் செய்தாலும் இங்கேதான் வருவார்கள். அவரோடு அதே வேலையைச் செய்யும் ஈபெனுக்குப் புகார் என்றாலே உற்சாகம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாரென் விஷயத்தைக் கொட்டினாள். துறைமுகத்தின் பழைய மீன் ஏலக்கூடத்தை இடிக்கப்போகிறார்கள். அதைத் தடுக்க மூன்று பேர் சேர்ந்து ஒரு படம் செய்கிறார்கள். தொகுப்பது மாரென், திரையில் வரும் எழுத்துகள் யூட்டெ, ஒலி மோகென்ஸ். அவரவர் வீட்டிலிருந்தே, பொதுச் சேமிப்பிடத்தில் உள்ள ஒரே கோப்புகளில் வேலை. கடவுச்சொல்லும் ஒன்றே. பழைய கிரேன் ஓட்டுநர் குனாரின் பேட்டிதான் படத்தின் உயிர். அதில் சில கோப்புகள் காணாமல் போகின்றன. தன்னிடமுள்ள பிரதியிலிருந்து திரும்பப் போட்டால், மறுநாள் மறுபடியும் காணோம்.

"யூட்டெதான். கிழவர் பேச்சு ரொம்ப நீளம், வெட்டுன்னு சண்டை போட்டாள்னு சொன்னியே?" என்றாள் ஈபென்.

"நானும் அப்படித்தான் நினைச்சு அவளைக் கண்டபடி திட்டிட்டேன். இப்போ போனைக்கூட எடுக்க மாட்டேங்குறா."

"படத்தைப் போடுங்க, பார்ப்போம்," என்றார் அஸ்கர்.

குனாரின் முகம் அண்மையில் தெரிந்தது. பிறகு சிவப்புத் திரை. குரல் மட்டும் தெளிவாகத் தொடர்ந்தது. மறுபடியும் முகம்.

"முகத்தைக் கிட்டத்துல காட்டுறது எப்பவாவது காணாமப் போச்சா?"

"இல்ல. அகலமா எடுத்தது மட்டும்தான். அதுலதான் பின்னாடி கூடம் முழுசாத் தெரியும். அது இல்லாம நான் எதைக் காட்டி வாதாடுறது?"

"அப்போ மென்பொருள் மேல பழி போடாதீங்க. எது முகம், எது கூடம்னு அதுக்குத் தெரியாது. யூட்டெவும் இல்ல. பேச்சு நீளம்னு நினைக்கிறவ குரலை விட்டுவைப்பாளா?" என்றார் அஸ்கர். "பேட்டி எடுத்தப்போ குனார் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"காபி குடிச்சிட்டே பேசினார். கோப்பை தட்டுல கடகடன்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஒலியே போச்சுன்னு பயந்தேன்..." மாரென் திரையைப் பார்த்தாள். "அந்தச் சத்தம் இப்போ இல்லையே. அதை எடுன்னு நான் மோகென்ஸ்கிட்ட சொல்லவேயில்ல."

"அகலக் காட்சியில கை நடுங்குறது தெரியும்; அந்தச் சத்தமும் அதைக் காட்டிக் கொடுக்கும்," என்றார் அஸ்கர். " ரெண்டையும் ஒரே ஆள்தான் மறைச்சிருக்கணும். குரல் மேல மரியாதை உள்ள ஆள்."

கூப்பிட்டனுப்பியதும் மோகென்ஸ் வந்தான். நனைந்த கோட்டைக் கழற்றாமலே நின்றான். எதையும் மறுக்கவில்லை.

"தன் கை நடுக்கம் எல்செபெத்துக்குத் தெரியாதுன்னார் குனார். அவர் மனைவி. நாளைக்கு முன்வரிசையில உட்காரப்போறவங்க. அவ பார்க்கக் கூடாது, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு கையைப் பிடிச்சிக்கிட்டார். காரணம் சொல்லாம, அதையெல்லாம் வெட்டுன்னு உன்கிட்ட எப்படிக் கேட்பேன், மாரென்?"

"மூணு வாரமா பைத்தியக்காரி மாதிரி திரும்பத் திரும்பப் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யூட்டெவையாவது திட்டாம இருந்திருப்பேன்," என்றாள் மாரென். யூட்டெவின் எண்ணுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பினாள். பதில் இல்லை.

பிறகு குனாருக்கு அடித்து, கை தெரியும் காட்சிகளைப் போடலாமா என்று நேராகவே கேட்டாள்.

"காலையில சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் படம் இரண்டு வடிவங்களில் தயாராக இருந்தது. ஒன்றில் கூடமே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க மாரெனுக்கு எரிச்சலாக வந்தது. அதை மூடிவிட்டு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எல்செபெத்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் குனார். "அவளுக்குப் போன வருஷமே தெரியுமாம். நானா சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்திருக்கா. முழுசாப் போடும்மா."