படகுத்துறைக் காவல்

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று மழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நல்ல வெயிலில் நானூறு பெட்டிகளையும் நானும் மனைவியும் லாரியிலிருந்து உள்ளறைக்குச் சுமந்தோம். பழைய வீடு. உள்ளறையில் ஜன்னல் கிடையாது, குழாய் கிடையாது. காகிதம் வைக்க இதைவிட உலர்ந்த இடம் அமையாது என்றுதான் வாடகைக்கே எடுத்தோம்.

நாங்கள் போர் ஆட்டங்கள் வெளியிடுகிறோம். என்றோ நடந்த ஒரு யுத்தத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்து, படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுர அட்டைக் காய் வைத்து, அந்தத் தளபதி செய்த தப்பைச் செய்யாமல் நாம் ஜெயிக்க முடியுமா என்று பார்க்கிற ஆட்டம். இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அன்பான கூட்டம்தான், ஆனால் உயிரை வாங்கும். ஏழாவது விதியும் பதினோராவது விதியும் முட்டுகிறது என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் வரும். அவர்கள் வாயை அடைக்க நான் இரண்டே சொல் வைத்திருந்தேன். ஒன்று ‘இருக்கு’, இன்னொன்று ‘போட்டாச்சு’.

அந்தப் பெட்டிகளில் இருந்த ஆட்டத்தை உருவாக்கியவரைக் கர்னல் என்று கூப்பிடுவோம். ராணுவ வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருஷம் ஒரே ஒரு பின்வாங்கலைத் தோண்டித் துருவினார். தோற்ற படை படகுகளில் ஆற்றைக் கடந்து தப்பியது. அதுவரை எதிரியைத் தடுக்க நாற்பத்தொரு பேரைக் கரையில் நிறுத்தினார்கள். கடைசிப் படகு திரும்பி வந்து உங்களைக் கூட்டிப்போகும் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

வரவில்லை.

அந்த நாற்பத்தொரு பேரும் சேர்ந்து ஒரே காய். படகுத்துறைக் காவல். பலம் ஒன்று, நகர முடியாது. அச்சு அட்டையில் இருநூற்று நாற்பது காய்க்குத்தான் இடம், எங்களிடம் இருந்ததோ ஒன்று கூடுதல். எதையாவது தூக்கியாக வேண்டும். எப்படியும் நகராத காய்தானே என்று அதைத் தூக்கினேன். கூடவே படகு திரும்பி வரும் விதியையும் தூக்கினேன்.

அப்போது கர்னல் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“படகுத்துறைக் காவல் இருக்குல்ல தம்பி?”

“இருக்கு சார்.”

“படகு விதி?”

“போட்டாச்சு சார்.”

“நிஜத்துல வரல. ஆட்டத்துலயாவது வரட்டும்,” என்றார். பிறகு ரொம்ப நேரம் இருமினார். இரண்டு நாளில் போய்விட்டார்.

போகிற மனிதரிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முன்பணம் கட்டி நான்கு வருஷம் காத்திருந்த ஆட்களுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. இதுவும் சொதப்பினால் கடையை இழுத்து மூடிவிடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். முதல் வாரமே மூன்று புகார். வரைபடம் ஈரமாக இருக்கிறது, மாற்றி அனுப்பவும். மாற்றி அனுப்பினேன். அதுவும் ஈரம் என்றார்கள். மறு வாரம் முப்பது புகார், படத்தோடு. எல்லாப் படத்திலும் அதே ஒரு கட்டம், ஆற்றங்கரைப் படகுத்துறை.

அச்சகக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

“சார், காய வச்சு, மேல பிளாஸ்டிக் ஒட்டி அனுப்பின சரக்கு. அதுல எப்படி ஈரம் ஏறும்?”

“அப்ப என்னய்யா, ஆறு வழிஞ்சு வருதா?”

அன்று மத்தியானம் உள்ளறைக்குப் போய் ஒரு பெட்டியைத் திறந்தேன். பசை வாசனை வர வேண்டிய இடத்தில் சேற்று வாசனை வந்தது. வரைபடத்தில் ஒரே ஒரு ஈரத் திட்டு. வட்டமாக இல்லை.

ஒரு காயின் அளவுக்கு, சதுரமாக இருந்தது.

பத்துப் பெட்டி திறந்தேன். பத்திலும் அப்படியே.

ஆத்திரத்தில் ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்து எதிரிக் காய்களைப் படகுத்துறைக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். போன் அடித்தது, இன்னொரு புகார். பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். காய்கள் எல்லாம் ஒரு கட்டம் பின்னால் நின்றன, படகுத்துறையைச் சுற்றி வளையமாக. எங்கள் விதி அதுதான்: எதிராளியின் காய்க்குப் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால் நின்றாக வேண்டும், மேலே போகக் கூடாது.

ஆனால் நடுக்கட்டத்தில் காயே இல்லை.

“யாருங்க இதை நகர்த்துனது?” மனைவி வாசலில் நின்றுகொண்டு கிசுகிசுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

“அந்த மனுஷன்கிட்டயா பொய் சொன்னீங்க?”

“அட்டையில இடம் இல்லம்மா.”

“நாப்பத்தொரு பேருக்கு அரை அங்குலம் இடம் இல்லையா?”

அந்த ஒரு காயை மட்டும் தனியாக அச்சடித்து, மன்னிப்புக் கடிதத்தோடு எல்லோருக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தோம். உறைகளை ஒட்டிக்கொண்டே அவள் கேட்டாள், “படகு விதியும் வச்சீங்கல்ல?”

அந்த விதியைச் சேர்த்தால் ஆட்டம் ஒரு பக்கம் சாயும். மறுபடி மூன்று பக்கக் கடிதங்கள். எனக்குத் தெம்பில்லை.

“போட்டாச்சு,” என்றது என் வாய்.

வரைபடங்கள் காய்ந்தன. எட்டு நாள் ஒரு புகாரும் இல்லை. நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் வரிசையாக மெயில்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆட்கள், ஆனால் ஒரே நிமிஷத்தில் வந்தவை. எல்லாவற்றிலும் அதே ஒரு வரி.

கடைசிப் படகு எப்போது வரும்?

ஒருவருக்குப் போன் செய்தேன். “நான் மெயிலே அனுப்பலையே சார். ஆட்டம் நல்லாத்தானே இருக்கு,” என்றார்.

பாதம் சில்லிட்டது.

உள்ளறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கதவுக்குப் பின்னால் யாரோ எண்ணினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றும் வேறு குரல், அணிவகுப்பில் ஆள் எண்ணுவது போல. மனைவி ஓடி வந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொன்று வரை போய் நின்றது.

பிறகு ஒரு இருமல்.

எனக்குத் தெரிந்த இருமல்.

“போட்டுடறேன் சார்,” என்றேன். “இந்தத் தடவை நிஜமா.”

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

கர்னல் எழுதிய விதியை ஓர் எழுத்து மாற்றாமல் அடித்து, அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் தரை காய்ந்துவிட்டது. ஆட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று இப்போது மூன்று பக்கக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும். கடையை மூடவில்லை.

நேற்று அடுத்த ஆட்டத்தின் ப்ரூஃப் வந்தது. மலைக்கோட்டை முற்றுகை. இந்தத் தடவையும் காய் ஒன்று கூடுதல். மேஜையில் விரித்து வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகளுக்கு ஒரு காய் இருந்தது. இது போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. பேனாவைக்கூட எடுக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். அந்தக் காயின் மேல் மட்டும் காகிதம் நனைந்திருந்தது.