பூட்டிடு, அக்கா

நாற்காலி சூடாக இருந்தது.

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாடியறைக்குள் வந்து, அக்கா வெளியிலிருந்து பூட்டைப் போடும் சத்தத்தைக் கேட்டபடியே உட்கார்ந்தபோதுதான் குருவி அதை உணர்ந்தாள். இவ்வளவு நேரம் யாரோ அதில் உட்கார்ந்திருந்து, இவள் படியேறும் அரவம் கேட்டதும் எழுந்துகொண்டதைப் போன்ற சூடு. காலையிலிருந்து அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. வெயிலும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் வெற்றுச் சுவர். எழுந்து நின்று இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. பொழுதுக்கும் எழுதி எழுதி உடம்பு கெட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கணினியைத் திறந்தாள்.

குருவி என்பது அக்கா வைத்த பெயர். பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கீழே முன்னறையில் அக்காவின் தையற்கடை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இயந்திரம் ஓடும் சத்தம் வீட்டுக்கு நாடித்துடிப்பு மாதிரி. தங்கையின் முதல் நாவல் நன்றாகப் பேசப்பட்டதும், "வேலையை விட்டுட்டு எழுது, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவளும் அக்காதான். அந்த வார்த்தையை நம்பி நூலக வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்த குருவிக்கு இரண்டாவது நாவல் பாதியில் வந்து நின்றுவிட்டது. வண்டி நின்றால் தள்ளலாம். இது சேற்றில் புதைந்த வண்டி.

கதை ஒரு மருமகளைப் பற்றியது. புகுந்த வீட்டார் அவளை ஒரு தானியக் கிடங்குக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அவள் தப்பிக்க வேண்டும். எப்படி என்பதுதான் குருவிக்குத் தெரியவில்லை. கூரையைப் பிரித்து அவளை ஏற்றிவிட்டுப் பார்த்தாள், பொய்யாக இருந்தது. இரக்கப்பட்ட வேலைக்காரி சாவி கொண்டுவந்தாள், அதைவிடப் பொய். எழுதியதையெல்லாம் அழித்தாள். மருமகள் மாதக்கணக்கில் அந்த இருட்டிலேயே கிடந்தாள்.

பதிப்பாளர் அனுபவசாலி. எத்தனையோ பேரைத் தட்டிக்கொடுத்து நாவல் வாங்கியவர். போனில் பொறுமையாகச் சொன்னார்.

"ஒரே இடம், ஒரே நேரம், தினமும் உக்காருங்கம்மா. நல்லா வருதா இல்லையான்னு பாக்காதீங்க. அன்னிக்கு முடிக்கும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுடுங்க, மறுநாள் தானா பிடிச்சுக்கும். அதுக்கும் மசியலேன்னா, அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க."

"எந்தப் பொண்ணுகிட்ட சார்?"

"உங்க மருமகள்கிட்டதான். வாய்விட்டுக் கேளுங்க. அவளுக்காக நீங்களே பதில் சொல்லுங்க. பைத்தியக்காரத்தனமாத் தோணும். ஆனா வரும்."

ஒரே இடம் என்பதற்காகத்தான் இந்தப் பூட்டு. யோசனை குருவியுடையது.

"பூட்டிடு, அக்கா. இருட்டற வரைக்கும் திறக்காதே."

"தாகம் எடுத்தா?"

"பாட்டில்ல தண்ணி இருக்கு."

"நெருப்புப் பிடிச்சா?"

"கதை விடறேன்னு நெனச்சுக்கோ. நான் கத்தினாலும் திறக்காதே, அழுதாலும் திறக்காதே. எழுதாம தப்பிக்கறதுக்கு நான் சொல்லாத பொய்யே கிடையாது, உனக்குத் தெரியாதா?"

அக்கா சிரித்துக்கொண்டே சாவியைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

முதல் சில நாட்கள் வெட்கமாக இருந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்து, "உள்ளே எப்படி இருக்கு?" என்று கேட்பாள். கொஞ்சம் விட்டு, குரலைத் தாழ்த்தி, "இருட்டா இருக்கு" என்று அவளே சொல்வாள். அப்புறம் வெட்கம் போயிற்று. பதில்கள் சரளமாக வந்தன. மூட்டைகளின் சொரசொரப்பு, எலிகள் சாக்கைக் கொறிக்கும் ஓசை, தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது என்று குருவி ஒருநாளும் யோசித்திராத விவரங்கள் அவள் வாயிலிருந்தே கொட்டின. விரல்கள் வலிக்கத் தட்டச்சு செய்தாள். பதிப்பாளர் படித்துவிட்டு, "எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை?" என்றார்.

ஒருநாள் எழுத்து மக்கர் செய்தபோது கதவைத் தட்டி, தலை வலிக்கிறது, திற என்று அழுதுகூடப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. சாயங்காலம் வெளியே வந்த குருவி அவளைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளை திறக்கல. அதுக்கப்புறம்தான் எழுத்தே வந்துச்சு" என்றாள்.

நாற்காலி சூடாக இருந்தது அதற்குப் பிறகுதான்.

அதையடுத்து வாடை. முதலில் மழைக்கு முன் வருகிற மண்வாசம் என்று நினைத்தாள். இல்லை; ஈரச் சாக்கு, பழைய தூசி, எலிப் புழுக்கை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரியை நகர்த்திப் பார்த்தாள், அறை முழுவதையும் கழுவித் துடைத்தாள். அறையைவிட்டு வெளியேறினால் வாடை இல்லை. உள்ளே வந்து பூட்டு விழுந்ததும், யாரோ மூட்டையொன்றை அவிழ்த்துவிட்டது போல மெதுவாகப் பரவும்.

"என்னடி, முகமே சரியில்ல? வேணாம்னா இன்னிக்கு விட்டுடேன்" என்றாள் அக்கா ஒரு மதியம்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் முந்தின நாள் பாதியில் விட்ட வாக்கியம் மேலே காத்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதங்களுக்குப் பிறகு கதை வழி விடுகிறது. இப்போது விட்டால் இனி வராது என்ற பயம் மற்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. பூட்டிடு, அக்கா."

அன்று மழை மேகம் மூடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவர் கறுத்துக் கிடந்தது. கீழே இயந்திரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. குருவி கணினியைத் திறந்து, கைகளை உரசிக்கொண்டு, வழக்கமான இடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வெளியே வர என்ன பண்ணப் போறே?"

"கதவு திறக்கும்போது போயிடுவேன்" என்று பதில் வந்தது.

நல்ல வாக்கியம். தட்டச்சு செய்ய விரல்களை வைத்தாள். அப்போதுதான் தன் வாயில் பேனா மூடி இருப்பது தெரிந்தது. பல்லுக்கு நடுவில். வாய் திறக்கவே இல்லை.

விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு சத்தம் இருந்தது, இவ்வளவு நாளும் விசிறியின் சத்தம் என்றே அவள் நினைத்திருந்த சத்தம். வறண்ட மூக்கால் இழுத்து இழுத்து விடும் மூச்சு. அலமாரிப் பக்கமிருந்து.

மின்சாரம் போயிற்று. விசிறி தளர்ந்து நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

பாய்ந்து போய்க் கதவில் மோதினாள். "அக்கா! திற! அக்கா, உள்ளே யாரோ இருக்காங்க!"

கீழே இயந்திரம் நின்றது. படியடியிலிருந்து அக்காவின் குரல் சிரிப்போடு வந்தது. "அன்னிக்குத் தலைவலி, இன்னிக்குப் பேயா? இன்னும் கொஞ்ச நேரம்தான், போய் எழுதுடி."

"பொய் இல்லக்கா! சத்தியமா! காலைப் பிடிச்சுக்கறேன், திற!"

"நாளைக்கு நீயே எனக்கு நன்றி சொல்வே."

கால்மிதி இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கு மின்சாரம் வேண்டாம்.

குருவி கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவில்லை. மேசை தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இருட்டு, மற்ற இருட்டைவிடக் கெட்டியாக இருந்தது.

அங்கிருந்து, "அ… க்கா" என்றது.

தொண்டை வறண்ட குரல். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"அக்… கா."

சற்றுத் தெளிவாக.

"அக்கா."

இப்போது அதில் குருவியின் இழுவை இருந்தது. செல்லம் கொஞ்சும்போது கடைசி எழுத்தைத் தூக்குவாளே, அந்த இழுவை. ஒவ்வொரு முறையும் ஒரு எட்டு நெருங்கி வந்தது. சாக்கு நாற்றம் மூக்கை அடைத்தது. கத்த நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால்கள் தாமாக நகர்ந்தன, கதவை விட்டு, மேசையை நோக்கி. நாற்காலி முழங்காலில் இடித்தது. உட்கார்ந்தாள். மடியில் ஏதோ இறங்கியது. கனம். மூட்டைக் கனம். எழ முடியவில்லை.

"அக்கா" என்றது குருவியின் குரல், கதவருகே. "முடிச்சுட்டேன். திற."

படிகளில் காலடி. சாவி. பூட்டு.

கதவு திறந்தது. அக்கா கையில் விளக்கோடு நின்றாள். வெளிச்சம் மேசையின் மேல் விழுந்தது, நாற்காலியின் மேல் விழுந்தது, குருவியின் முகத்தின் மேல் விழுந்தது. அக்காவின் கண்கள் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

"முடிஞ்சுதா? வா, வா. எப்படி வெளிறிப் போயிருக்கே பாரு."

அக்காவின் தோளில் ஒரு கை படர்ந்தது. குருவியின் வளையல் போட்ட கை.

அக்கா!

சத்தம் வரவில்லை. கதவு மூடியது. பழக்கதோஷத்தில் அக்கா பூட்டையும் போட்டாள்.

கனம் இறங்கியபோது குருவி தரையில் விழுந்தாள். தவழ்ந்தாள். ஜன்னல் இருந்த இடத்தைத் தடவினாள். சுவர். மறுபக்கம் தடவினாள். சொரசொரப்பான சாக்கு. அதன்மேல் இன்னொரு சாக்கு. கூரைவரை. கதவில் நகங்கள் ஒடியும்வரை பிறாண்டினாள்.

கீழே பேச்சுச் சத்தம். தரையில் காதை வைத்தாள்.

"நாவல் முடிஞ்சதுக்கு என் பரிசு" என்றாள் அக்கா. "புதுத் துணி, இன்னிக்கே வெட்டிடறேன். அளவு டேப்பே வேணாம், உன் அளவு எனக்கு மனப்பாடம். சும்மா நில்லு, சரிபாத்துக்கறேன்."

துணி சரசரத்தது. அக்கா ஏதோ முணுமுணுத்தாள். டேப்பை உருவும் ஓசை. மறுபடியும்.

"என்னடி இது… கை இவ்வளவு நீளமா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு, கடைசி எழுத்தைச் செல்லமாகத் தூக்கி, குருவியின் குரல் சொன்னது:

"பழைய அளவை மறந்துடு, அக்கா."

கத்தரிக்கோல் துணியில் இறங்கியது. இயந்திரம் ஓட ஆரம்பித்தது, நிற்காமல், வேகமாக, மிகவும் பயந்துபோன ஒருத்தி மிதிப்பதைப் போல.