மேலே வராத தவளைகள்

மூன்று தவளைகளில் ஒன்றுகூட மூச்சு வாங்க மேலே வரவில்லை.

வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தபோது அவள் அதைக் கவனிக்கவில்லை. ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் வகை என்றாலும், இந்தக் கட்டைவிரல் அளவுத் தவளைகளும் காற்றைத்தான் சுவாசிக்கின்றன. அவ்வப்போது காலை உதைத்து மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கி, மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது 'ளப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தினமும் கணக்குப் போடுவாள். இன்று ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கமும் முடிந்துவிட்டது. சத்தமே இல்லை.

தொட்டியின் கண்ணாடியில் விரலால் தட்டினாள். மொட்டை என்று அண்ணன் பெயர் வைத்திருந்த பெரிய தவளை மெல்லத் தலையைத் திருப்பியது. உயிரோடுதான் இருக்கிறது. மூன்றும் கூழாங்கற்களில் வயிறு ஒட்டப் படுத்து, கால்களை விரித்து, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணன் படுத்திருக்கும் அறைப் பக்கம்.

நேற்று தொட்டித் தண்ணீரை மாற்றியதிலிருந்தே அவனுக்கு உடம்பு சரியில்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சித்தான் பழைய தண்ணீரை வாளிக்கு இறக்குவார்கள். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் அவள். தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் குழாயை எடுத்துவிட வேண்டும். நேற்று அவன் எடுக்கத் தவறி மடக்கென்று விழுங்கிவிட்டான்.

"தவளை சூப் எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா கொசு? நீ போன வாரமே குடிச்சவதான." இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இப்போது, தொட்டி ஃபில்டரின் இரைச்சலில்தான் சத்தம் கேட்கவில்லையோ என்று அதை அணைத்துப் பார்த்தாள். பாசியும் ஈரக்கல்லும் கலந்த வாடை ஹாலில் கனத்து நின்றது. தெருவிளக்கின் வெளிச்சம் தொட்டியைத் துளைத்து வந்து எதிர்ச்சுவரில் பச்சையாகப் படிந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. அதன்பிறகு அந்த வீட்டில் அவளுடைய இரண்டு காதுகள் மட்டுமே மிச்சம் இருந்ததுபோல் ஆகிவிட்டது.

ளப்.

தொட்டியில் இல்லை. அங்கே தண்ணீர் ஆடாமல் கிடந்தது. சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது. ஒரு தவளை வாய்க்கு அது ரொம்பப் பெரிய சத்தம்.

எழுந்து உள்ளே போனாள். இரண்டு கட்டில்களில் ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் குப்புறப் படுத்திருந்தான். கைகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. விரல்களும் விரிந்திருந்தன. முதுகில் கை வைத்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா, அண்ணன் மூச்சு விடலம்மா."

"தூங்குறவனை எதுக்குடி நோண்டுற? மாத்திரை போட்டிருக்கான்ல."

"கை வச்சுப் பார்த்தேன்மா. அசையவே இல்ல."

அம்மாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "போனை வைக்காத. அவனை உலுக்கு. நான் கிளம்பிட்டேன்."

உலுக்கினாள். தோள் ஜில்லென்றிருந்தது, வழுக்கியது. அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"என்ன கொசு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "செத்துட்டியோன்னு நினைச்சேன்ணா. மூச்சே விடல நீ."

"இப்பத்தான மேல போயிட்டு வந்தேன்." கண்ணை மூடிக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்."

"மேலன்னா? எங்க?"

முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அசைவில்லை. போனுக்குள் பஸ்ஸின் இரைச்சல். அசைவில்லை.

பிறகு அவன் கால்கள் மடங்கின.

உதைத்தான்.

அது குதிப்பு இல்லை. மெல்ல எழும்பினான். போர்வை நழுவியது. தலைமுடி ஒவ்வொன்றாகப் பிரிந்து அலைந்தது. மேலே. இன்னும் மேலே. முகம் அண்ணாந்தது. சீலிங்கில் வாய் பொருந்தியது.

ளப்.

அதே நிதானத்தில் இறங்கினான். கட்டில் கிறீச்சிடக்கூட இல்லை. வாய் பட்ட இடத்தில் ஒரு ஈர வட்டம். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"பேசுடி," போனில் அம்மா அழுதாள். "மூச்சு விடுறானா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. குரலுக்குக் காற்று வேண்டும். கடைசியாக எப்போது மூச்சு இழுத்தோம் என்று யோசித்தாள். அறைக்குள் வந்த பிறகு இல்லை. கணக்குப் போட்டபோதும் இல்லை.

நெஞ்சு இறுகியது. தன் கட்டில் பக்கம் திரும்பினாள். அண்ணாந்தாள்.

அங்கேயும் வட்டங்கள். சின்ன வாய். காய்ந்து பழுப்பேறியவை, அரைகுறையாகக் காய்ந்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக, இடமே இல்லாமல்.

அவள் முழங்கால்கள் தாமாகவே மடங்கின.