கம்பளிக் கடையில் ஒரு கதறல்!

செல்போன் அலறியது.

பெர்மெத்தின் கைகளில் முழங்கை வரை சோப்பு நுரை. ஈரக் கம்பளி இறுகுவதற்காக அதைப் பாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவள், பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"கம்பளிக் கடைதானே?"

"ஆமாங்க. பை வேணுமா, செருப்பு வேணுமா?"

"ரெண்டும் வேணாம்." மறுமுனையில் ஒரு பெண். "நான் அல்மாட்டியிலேருந்து பேசறேன். இன்னிக்கு உங்க ஆன்லைன் கடையில ஒரு வீடியோ போட்டீங்களே... அத ஹெட்போன் மாட்டிக் கேட்டீங்களா?"

"இல்லையே... ஏன்?"

"கேளுங்க. பாட்டுக்கு அடியில... ஒரு பொண்ணு கதறுது!"

லைன் அறுந்தது.

பக்கத்தில் உருட்டிக்கொண்டிருந்த பட்டறைத் தோழி துர்சுனையின் காதிலிருந்து ஹெட்போனை உருவினாள் பெர்மெத். வீடியோவைத் தட்டினாள்.

சிவப்புக் கம்பளிப் பைகள் வரிசையாக வந்தன. பின்னணியில் கொமுஸ் வாத்தியத்தின் தந்திகள் துள்ளின. அதற்கும் கீழே... கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல...

'காப்பாத்துங்க... பூட்டி வெச்சிருக்கான்...'

பெர்மெத் ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னடி? மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு?" என்றாள் துர்சுனை.

"நீயே கேளு."

கேட்டாள். "சினிமா சத்தமா இருக்கும்டி..."

"சினிமாக்காரி நம்ம பைக்கு அடியில எதுக்குடி அழறா?"



மலையூரான கொச்கோரில் ஆறு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த பட்டறை அது. கோடையில் ஏரிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தினால் வியாபாரம். குளிர்காலத்தில் ஈ கூட வராது. போன வருஷம்தான் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து ஏலாமன் வந்தான். மினுமினுக்கும் கோட். தேன் தடவிய பேச்சு.

'அக்கா, உங்க சரக்குக்கு உலகமே கடை. நான் ஆன்லைன்ல திறந்து தர்றேன். போட்டோ, வீடியோ, விளம்பரம்... எல்லாம் என் பொறுப்பு. நீங்க அனுப்பி மட்டும் வைங்க!'

அனுப்பினார்கள். ஓடியது! சும்மா இல்லை... பேய் ஓட்டம். ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆர்டர். ஆறு வீட்டு அடுப்பும் இந்தக் குளிர்காலத்தில் அந்தக் கடையால்தான் எரிந்தது.

பெர்மெத் ஏலாமனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, புது வீடியோவுல ஏதோ சத்தம் கேக்குதே?"



"என்ன சத்தம்க்கா?"

"பொம்பள அழற மாதிரி..."

"ஓ, அதுவா? பக்கத்து வீட்டு டிவி! சுவர் அட்டை மாதிரி இருக்குக்கா இங்க. எடுத்துடறேன்."

சிரித்தான். வைத்தான்.

டீ ஆறுவதற்குள் வீடியோ காணாமல் போனது. பெர்மெத் கடைக் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

பாஸ்வேர்டு தவறு.

மறுபடியும் போட்டாள்.

தவறு!

கடை அவளுடையது. சாவி அவனிடம்!

பிஷ்கேக் போலீசுக்குப் போன் போட்டாள். கொட்டாவியோடு ஒரு குரல் வந்தது.

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

"தெரியாதுங்க."

"காணாமப் போச்சுன்னு யாராவது புகார் குடுத்தாங்களா?"

"தெரியாதுங்க... வீடியோவுல சத்தம் கேட்டுச்சு."

"வீடியோவ அனுப்பு."

"அழிச்சுட்டான்."

"அப்ப நான் எதைம்மா தேடறது?"

டொக்.

பெர்மெத் கோட்டை மாட்டிக்கொண்டாள். கைக்குக் கிடைத்த பைகளை ஒரு கோணியில் திணித்தாள்.

துர்சுனை குறுக்கே வந்து நின்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? அவனப் பகைச்சா கடை போச்சு. திரும்பவும் ரோட்டோரம் பனியில நிக்கப் போறோமா? என் வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

"எரியணும்டி." பெர்மெத் கோணியின் வாயைக் கட்டினாள். "ஆனா அந்தப் பொண்ணு கதறல வெச்சு எரிய வேண்டாம்."

"போய் என்னதான் பண்ணுவ?"

"சரக்கு குடுக்க வந்தேன்னு சொல்லி உள்ள போவேன். அப்புறம்... தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. பிஷ்கேக் போகும் ஷேர் டாக்ஸி மலையிடுக்கில் இறங்கி ஓட, அவள் மடியிலிருந்த கோணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வழியெல்லாம் அந்தக் குரல் காதில் கேட்டது.

ஆறாவது மைக்ரோ குடியிருப்பு. சிமென்ட் பலகைகளால் கட்டிய பழைய கட்டடம். மூன்றாவது மாடி. இரும்புக் கதவு. பார்சல் அனுப்பி அனுப்பி மனப்பாடமான விலாசம்.

மணியை அழுத்தினாள்.

நெடுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. ஏலாமன்! தேன் பேச்சு இல்லை.

"போன் பண்ணிட்டு வரக் கூடாதா?"

"புதுச் சரக்கு தம்பி. ஊர்க்காரங்க வண்டி கிடைச்சுது, ஏறிட்டேன்."

"வெச்சுட்டுப் போங்க."

"ஒரு வாய் டீ கூடக் குடுக்க மாட்டியா? விறைச்சுப் போயிட்டேன்ப்பா." சொல்லிக்கொண்டே கோணியை முன்னால் தள்ளி உள்ளே நுழைந்துவிட்டாள்.

வலப்பக்கம் ஓர் அறை. கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக வெள்ளை வெளிச்சம்.

"அங்கதான் படம் எடுக்கறியா?"

"அங்க போகாதீங்க!"

அந்த நொடி...

'ணங்!'

உள்ளே இரும்பின் மேல் இரும்பு மோதியது.

பெர்மெத் யோசிக்கவில்லை. தோளால் கதவை இடித்துத் திறந்தாள்.

பளீரென்று இரண்டு விளக்குகள். மேஜை மேல் அவளுடைய சிவப்புப் பைகள். பின்சுவரில் அவள் பட்டறையிலேயே தைத்த பெரிய கம்பளம் தொங்கியது. எதிரே கேமரா முக்காலியில் மாட்டிய செல்போன். மேஜைக்குப் பக்கத்தில்... ஒரு பெண்.

ஒடுங்கிய கன்னம். வெயிலையே பார்க்காத தோல். கணுக்காலில் சங்கிலி! மறுமுனை வெந்நீர்க் குழாயில் பூட்டியிருந்தது.

"அக்கா..." என்றாள் அந்தப் பெண். "வந்துட்டீங்களா..."

முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு பூட்டிக்கொண்ட சத்தம். பெர்மெத் திரும்புவதற்குள் அவள் கோட் பையிலிருந்த செல்போனை ஏலாமன் பிடுங்கிக்கொண்டான். சாவியைப் பாக்கெட்டில் போட்டான்.

"வெச்சுட்டுப் போயிருக்கலாம்ல?"

"யாருடா இவ?" பெர்மெத் கத்தினாள்.

"ஜிபெக். தலாஸ் ஊர்க்காரி. உன் கடைக்குப் படம் எடுத்தது, விளம்பரம் எழுதினது, வெள்ளைக்காரனுக்கெல்லாம் பதில் போட்டது... எல்லாம் இவதான். எனக்கு இந்த வேலை ஒண்ணும் தெரியாது!" சிரித்தான். "இவ கையில ஒன்பது கடை ஓடுது. திடீர்னு ஊருக்குப் போறேன்னா. விட்டுடுவேனா?"

"என் பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டான்க்கா." ஜிபெக் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்கம்மாகிட்ட நான் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லிட்டான். அவங்க நம்பிட்டாங்க. எங்க ஊருல வீட்டுக்கு ஒருத்தர் அங்கதானே இருக்காங்க... யார் தேடுவா? எழுதறதையெல்லாம் படிச்சுப் பார்ப்பான். சத்தத்த மட்டும் சரியாக் கேக்க மாட்டான். அதான்..."

"அதான் பாட்டுக்கு அடியில கதறி வெச்சிருக்கா!" ஏலாமனின் முகம் கோணியது. மேஜை மேலிருந்த கம்பளி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தான். நீளமான அலகு. பளபளத்தது. "ஒரே ஒருத்தி காதுல விழுந்திருக்கு. அவளும் என் வீட்டுக்கே வந்துட்டா."

பெர்மெத் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி... கடைய நீயே வெச்சுக்கோ. பேரு, சரக்கு, எல்லாத்தையும் எடுத்துக்கோ. நாங்க ரோட்டுல வித்துப் பொழைச்சுக்கறோம். இந்தப் பொண்ண மட்டும் விட்டுடுப்பா... உன் கால்ல வேணா விழறேன்!"

"கடைய நான் ஏற்கெனவே எடுத்தாச்சு." ஓரடி முன்னால் வந்தான். "அடுத்த வாரம் உன் ஊருக்குப் போன் பண்ணுவேன். பெர்மெத் அக்காவும் ரஷ்யாவுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லுவேன். ஊரே நம்பும்!"

'டிங்!'

அவன் கையிலிருந்த பெர்மெத்தின் செல்போன்.

'டிங்! டிங்! டிங்!'

எரிச்சலோடு திரையைப் பார்த்தான். பார்த்தவன் சிலையானான்.

'உங்கள் கடை இப்போது லைவில் உள்ளது!'

கீழே பார்ப்பவர்கள் எழுதும் வரிகள் மளமளவென்று ஏறின.

'டேய், அந்தப் பொண்ண விடுடா!'

'போலீசுக்குச் சொல்லியாச்சு!'

'எந்த இடம்? யாராவது விலாசம் சொல்லுங்க!'

ஏலாமன் மெல்ல நிமிர்ந்தான். முக்காலியில் அவனுடைய செல்போன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மணி அடிச்சதும் அவசரத்துல அப்படியே விட்டுட்டுப் போயிட்ட." ஜிபெக்கின் குரலில் முதல்முறையாக உயிர் வந்தது. "ஒரே ஒரு பட்டன்தான்டா!"

அவன் முக்காலியை நோக்கிப் பாய்ந்தான்.

பெர்மெத் பாயவில்லை. கேமராவைப் பார்த்து நுரையீரல் கிழியக் கத்தினாள்.

"ஆறாவது மைக்ரோ! பன்னெண்டாம் நம்பர் கட்டடம்! மூணாவது மாடி! இரும்புக் கதவு!"

கத்திக்கொண்டே சுவரில் தொங்கிய கம்பளத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஆணியோடு பிய்ந்து வந்தது. அவன் தலைமேல் போர்த்தினாள். கத்தரிக்கோல் கம்பளத்தில் குத்திச் சிக்கியது. உள்ளே அவன் திமிறினான்... உதைத்தான்...

ஈரக் கம்பளியை உருட்டி உருட்டி உரமேறிய கைகள் அவளுடையவை. அவனைத் தரையில் தள்ளினாள். உருட்டினாள். சுருட்டினாள். மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்!

"ஜிபெக், அந்த விளக்கு ஒயரக் குடும்மா!"

சங்கிலி எட்டிய மட்டும் வந்து நீட்டினாள். இருவருமாகக் கட்டினார்கள்.

இரும்புக் கதவு அதிர்ந்தது. கட்டடத்துக்காரர்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். கீழே போலீஸ் சைரன் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பெர்மெத்துக்கு அழுகை வந்தது. ஜிபெக்கின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தேம்பினாள்.

"எங்கம்மாகிட்ட பேசணும்க்கா..."

"பேசலாம்டா. முதல்ல அவங்ககிட்டதான் பேசப்போற."

ஜிபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முக்காலியைப் பார்த்தாள். "அக்கா... லைவ் இன்னும் ஓடுது. ஊரே பார்க்குது. இங்க ஒருத்தர் கேக்கறார், நீங்க உக்காந்திருக்கற கம்பளம் விலைக்குக் கிடைக்குமான்னு."

பெர்மெத் மூக்கை உறிஞ்சினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தாள்.

"தாராளமா கிடைக்கும்ங்க... உள்ள இருக்கற சரக்கு மட்டும் போலீசுக்கு புக் ஆயிடுச்சு!"