கண்ணில்லாத மீனின் மறுபக்கம்

நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் சாதனை; மீன்களைப் பனிக்கட்டிக்குள் நிமிர்ந்து நிற்க வைத்தது அதன் கடைசிச் சாதனை. இதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

உறைமீன் மாளிகையின் வாசலில் இப்படித்தான் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. மாளிகை என்பது மீன்சந்தைக்கு மேல்மாடியில் இருந்த பழைய குளிர்கிடங்கு. மனித குலத்தின் கடைசிச் சாதனையைப் பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு படியேற வேண்டும்.

எழுதி வைத்தவர் டைரக்டர். ஐஸ் ஃபேக்டரி நடத்தி, அது படுத்த பிறகு, மிச்சமிருந்த குளிரை வைத்து இந்த மாளிகையைக் கட்டியவர். வீட்டிலும் அவர் டைரக்டர்தான். மகள்கூட அவசரத்தில் மட்டுமே "அப்பா" என்பாள்.

மீன்களை உறைய வைப்பது மகள். தண்ணீருக்குள் மெல்லிய குழாயால் காற்றை விட்டுக்கொண்டே மெதுவாக உறைய வைத்தால், பனிக்கட்டி கண்ணாடியைப் போலத் தெளிந்து நிற்கும். அந்த வித்தை அவளுக்கு மட்டுமே தெரியும். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவளே. உள்ளே போகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு, தலையில் தொப்பி, மூக்குவரை மூடிய துணி. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். ஆகவே அங்கே யாராவது காதலில் விழுவதென்றால் கண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்... வேறு சரக்கு எதுவும் பார்வைக்கு இல்லை.

அந்த மழை நாளில் வந்தவன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். உள்ளே நுழைந்த கணமே துணிக்கு மேலே எழுந்த மூச்சு பட்டு அது பனி பூத்து வெளுத்தது. கழற்றிப் பைக்குள் போட்டான். பிறகு பாதிக் குருடனாகத் தடவித் தடவி நடந்து, போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். மாளிகையின் மகுடமான கண்ணில்லாத மீனுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து அது.

"இதுக்குக் கண்ணு இருக்கே..." என்றது சந்துக்குள்ளிருந்து குரல்.

அவள் பாய்ந்து போய் அவன் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். பலகையில் தெளிவாக எழுதியிருக்கிறது, உலகின் ஒரே கண்ணில்லாத மீன் என்று, சாருக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டாள்.

"கண்ணாடி இல்லாம படிக்க வராதுங்க. ஆனா கிட்ட வந்தா எண்ண வரும். ரெண்டு கண்ணு. ரெண்டும் சுவரைப் பாத்துட்டு இருக்கு."

"மெதுவாப் பேசுங்க."

"ஏங்க, மீன் முழிச்சிடுமா?"

சிரிப்பு வந்தது. மூக்கை மூடியிருந்த துணி அதை மறைத்தது. கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன... கண்மைக்கு மேல் இமைகளில் பனித்துளி மின்ன, அவை சிரித்ததை அவன் பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் நின்றதால் அது மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெளியே சந்தையின் கூரை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் இருவரும் முழு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு மூக்கு இருக்கு," என்றான், பெரிய கண்டுபிடிப்புபோல.

"அதுக்கும் பலகை வெக்கலாம்," என்றாள்.

பிறகு உண்மையைச் சொன்னாள். தட்டையான அந்த மீனுக்கு இரண்டு கண்களும் ஒரே பக்கம். திறப்பு விழா அவசரத்தில் கட்டியை வெறும் பக்கம் முன்னால் வரும்படி அவள்தான் நிறுத்திவிட்டாள். திருப்புவதற்குள் டைரக்டர் பார்த்துவிட்டார். "கண்ணே இல்லையே!" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு யாரால் திருப்ப முடியும்? ஃபேக்டரி மூடிய நாளிலிருந்து தலை குனிந்தே நடந்தவர், அன்றைக்குத்தான் நிமிர்ந்தார். கீழேயிருக்கும் மீன்காரர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று அவன் கேட்டான். மீனைப் பார்க்கக் காசு கொடுப்பதா என்று அவர்களில் ஒருவரும் மேலே ஏறியதில்லையாம்.

அவன் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தான். வாக்கைக் காப்பாற்றுகிறானா என்று அவள் சரிபார்க்கட்டும் என்றே அடிக்கடி வந்தான்.

பெண் கேட்கப் போனபோது வினை, அவனுடைய வேலை ரூபத்தில் வந்தது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருந்த உயிர்மீன் காட்சியகத்தில், தொட்டிக்குள் முங்கி மீன்களுக்கு இரை போடுகிறவன் அவன். டைரக்டருக்கு அது எதிரிப் பாளையம்.

"உயிரோட இருக்கறப்ப எந்த மீனும் ஆடும். செத்தப்புறமும் மரியாதையா நிக்குதே, அது எங்க மீன்," என்றார். எதிரிக்குப் பெண் தருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆண்டு விழாவில், நகரசபைத் தலைவர் முன்னால், உயிர்மீன்காரனே தன் வாயால் சொல்ல வேண்டும்... கண்ணில்லாத மீன் உலகில் இது ஒன்றுதான் என்று.

விழா நாள். தலைவரின் பற்கள் தந்தியடித்தன. டைரக்டர் மட்டும் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு நெஞ்சு நிமிர்த்தி நின்றார். அவனை முன்னால் அழைத்தார்கள். அவன் அவள் கண்களைப் பார்த்தான். பொய் சொல்லத் துணிந்துவிட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. தனக்காக, அப்பாவுக்காக... ஊர் முன்னால்.

"இந்த மீனுக்கு..." என்று தொடங்கினான்.

"கண்ணு இருக்கு அப்பா," என்றாள் அவள். "திருப்பி வெச்சது நான்தான்."

டைரக்டரின் முகத்துணி வழியே மூச்சுப் புகைகூட வரவில்லை.

"இவரு எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். இவரைத்தான் கட்டிக்கப்போறேன். இப்பவே பழகிட்டா அப்புறம் வீட்டுலயும் சொல்லுவாரு."

அவளும் நிமிர்ந்துதான் நின்றாள், அசப்பில் அப்பாவைப் போலவே. டைரக்டர் அதைக் கவனித்தார். பிறகு மெல்ல நடந்து, தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டுமா?" என்று கேட்டார் அவனிடம்.

"ரெண்டும் சார்."

"ஒரே பக்கமா?"

"ஒரே பக்கம்."

 டைரக்டரின் குனிந்த முதுகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"திருப்புங்க மாப்பிள்ளை," என்றார்.

அவனும் அவளும் சேர்ந்து கட்டியைத் தள்ளினார்கள். கையுறைக்குள்ளிருந்த விரல்கள் பக்கத்துப் பக்கத்தில்...

"கட்டிக்கப்போறேன்னு நான் சொல்ல வேண்டியத நீங்களே சொல்லிட்டீங்க," என்று முணுமுணுத்தான்.

"இப்பவும் சொல்லலாம். யாரும் கேக்கல."

"அன்னிக்குக் கண்ணாடிய கழட்டினேன்ல... மாளிகை, பலகை எல்லாம் ஒரே மங்கல். உங்க கண்ணு மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் கண்ணாடி போட்டும் வேற எதுவும் சரியாத் தெரியல."

 அவள் இமையோரத்தில் ஒரு துளி உருண்டு, விழுவதற்குள் உறைந்து நின்றது.

மறுநாளே பொன்னெழுத்தில் புதுப் பலகை ஏறியது: ஒரே பக்கத்தில் இரு கண்கள் கொண்ட, உலகின் ஒரே மீன்.

அன்று காலை கீழே சந்தையில் அதே மீன் கூடை கூடையாக வந்து இறங்கியிருந்தது.